ஒரு வேளை மேசை, மற்ற வேளை கட்டுச்சோறு

ஃப்ளோரிடாவில் குடியிருப்பவர்களுக்கு என்று ஒரு வேலை விதிக்கப்பட்டிருக்கிறது. ஊரிலிருந்து யார் வந்தாலும் டிஸ்னி வேர்ல்டுக்கு அழைத்துப் போக வேண்டும். டாம்பாவில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு மாமனார், மாமியார், நாத்தனார் குடும்பம், கல்லூரித் தோழி என்று கோடை விடுமுறைதோறும் யாராவது வந்துவிடுவார்கள். நுழைவுச்சீட்டில் பேரம் கிடையாது. ஒரு நாளுக்குத் தலைக்கு நூறு டாலருக்கு மேல்தான், கிறிஸ்துமஸ் சமயம் என்றால் இருநூறை ஒட்டி வரும். அதனால் மிச்சம் பிடிக்கும் ஆசையெல்லாம் சாப்பாட்டின் மேல் வந்து விழுகிறது.

அதில் இரண்டு கட்சிகளைப் பார்க்கிறேன். "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கணக்குப் பார்க்காதே" என்று மூன்று வேளையும் உள்ளேயே வாங்குவது ஒரு கட்சி. "உள்ளே ஒரு காபிகூட வாங்கக்கூடாது" என்று காலை முதல் இரவு வரை பிரெட்டையும் சிப்ஸையும் நடந்துகொண்டே தின்பது இன்னொன்று. நான் ஒரு கிளினிக்கில் கணக்கு எழுதுகிறவள். இரண்டுமே தப்புக் கணக்கு என்பது என் கட்சி. ஒரு நாளைக்கு ஒரு வேளை, பணியாளர் வந்து பரிமாறும் உணவகத்தில் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். மற்ற வேளைகளுக்குப் பையில் கட்டுச்சோறு இருக்க வேண்டும். பையில் சோறு இருப்பதால்தான் அந்த ஒரு வேளையை நம் இஷ்டத்துக்குத் தேர்ந்தெடுக்க முடிகிறது.

முதலில் பை. பல பேருக்குத் தெரியாத விஷயம், டிஸ்னி வேர்ல்டின் நான்கு பூங்காக்களுக்குள்ளும் வெளி உணவைக் கொண்டு போகலாம். கண்ணாடிப் பாத்திரமும் மதுவும் கூடாது, கொட்டிய ஐஸ் கட்டி கூடாது, பை ஓர் அளவுக்கு மேல் பெரிதாக இருக்கக்கூடாது, சூடு பண்ணித் தரச் சொல்லி அங்கே கேட்க முடியாது. அவ்வளவுதான். எவர்சில்வர் டப்பாவை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. ஊறுகாயை மட்டும் கண்ணாடிப் பாட்டிலிலிருந்து பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும். ஜூலை வெயிலுக்குத் தயிர்சாதம் ஆகாது, பதினொரு மணிக்கே புளித்துவிடும். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம் எல்லாம் தாங்கும். தண்ணீர் வாங்கவே வேண்டாம். குளிர்பானம் ஊற்றித் தரும் கவுன்டர் எதிலும் கேட்டால் ஒரு தம்ளர் ஐஸ் தண்ணீர் இலவசமாகத் தருவார்கள். ஆறு பேர் உள்ள குடும்பம் நாள் முழுக்க பாட்டில் தண்ணீர் வாங்கினால் ஆகும் செலவில் ஒரு பெரியவரின் மதியச் சாப்பாடே முடிந்துவிடும்.

இப்படிக் காலைப் பசியும் சாயங்காலப் பசியும் தீர்ந்த பிறகு, ஒரு வேளை மேசைக்குப் பணம் கொடுப்பது ஏன்? சாப்பாட்டுக்காக என்றால் கொடுக்கவே வேண்டாம். அதே காசுக்கு ஆர்லாண்டோ ஊருக்குள் நல்ல தோசை கிடைக்கும். பூங்காவில் நாம் வாங்குவது நாற்காலி, குளிர்சாதனம், ஒரு மணி நேரம். எட்டு, பத்து கிலோமீட்டர் நடை அங்கே சாதாரணம். என் மாமனார் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுக்க நின்றே வேலை பார்த்த மனிதருக்கு இப்போது முழங்கால் ஒத்துழைப்பதில்லை. அத்தைக்குச் சர்க்கரை, நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும். கவுன்டர் கடையில் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு காலி மேசை தேடி அலைவது அவர்களுக்கு இன்னொரு வரிசைதான். பெற்றோரை அமெரிக்கா வரவழைத்து, டிக்கெட்டுக்கு ஆயிரம் டாலர் கொடுத்துவிட்டு, நாற்காலிக்கு ஐம்பது டாலர் யோசிப்பதை எந்தச் சிக்கனத்தில் சேர்ப்பது?

அந்த ஒரு வேளைக்கு என் நேரம் பிற்பகல் இரண்டரை. ஃப்ளோரிடாவின் கோடையை அனுபவித்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. பெரும்பாலான நாட்களில் மதியத்துக்கு மேல் இடி மின்னலோடு மழை கொட்டும். மின்னல் அருகே வந்துவிட்டால் திறந்தவெளி ராட்டினங்களை நிறுத்திவிடுவார்கள். எல்லோரும் பிளாஸ்டிக் மழைக்கோட்டுக்குள் நனையும் அந்த நேரத்தில் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டால் ஒரு சவாரியும் நஷ்டமில்லை. வெயில் தாழ்ந்து வெளியே வரும்போது பிள்ளைகளுக்கும் பெரியவர்களுக்கும் கால் மறுபடி வேலை செய்யும்.

இடம் பிடிப்பது தனி வேலை. அறுபது நாட்களுக்கு முன்பே முன்பதிவு திறந்துவிடும். வராமல் போனால் பெரும்பாலான உணவகங்களில் தலைக்குப் பத்து டாலர் பிடித்துக்கொள்வார்கள். ஆறு பேர் என்றால் அறுபது டாலர், ஒன்றும் சாப்பிடாமல். ஆகவே நாளுக்கு ஒரே ஒரு பதிவு, அதுவும் அன்றைக்குப் போகிற பூங்காவிலோ அதை ஒட்டியோ.

எந்த உணவகம் என்பதில்தான் பணம் போகும் ஓட்டை இருக்கிறது. உணவுப் பட்டியலும் விலையும் டிஸ்னியின் இணையதளத்திலேயே இருக்கும். முதலில் பார்க்க வேண்டியது, விலை தட்டுக்கா, தலைக்கா என்பது. மிக்கி வந்து கைகுலுக்கும் பஃபேக்களிலும் சிண்ட்ரெல்லா கோட்டைக்குள் இருக்கும் உணவகத்திலும் தலைக்கு இவ்வளவு என்று வைத்திருப்பார்கள். கோட்டையில் ஒரு பெரியவருக்கு அறுபது டாலருக்குக் குறைந்து எழுந்திருக்க முடியாது. பத்து வயது ஆன பிள்ளை டிஸ்னி கணக்கில் பெரியவர். அரை வயிறு சாப்பிடும் அத்தைக்கும், வறுத்த உருளைக்கிழங்கைத் தவிர எதையும் தொடாத என் பத்து வயது மகனுக்கும் முழு விலை. இளவரசியோடு படம் எடுக்க ஆசைப்படும் சின்னப் பெண் வீட்டில் இருந்தால் அது வேறு. அந்த ஆசைக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன். ஆனால் அது சாப்பாட்டுச் செலவில் வராது, அதற்குத் தனிக் கணக்கு எழுதுங்கள்.

தட்டுக்கு விலை வைக்கும் இடங்களில் நம் கையில் பிடி இருக்கிறது. ஆளுக்கொரு தட்டு சொல்ல வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அமெரிக்கத் தட்டு இரண்டு தமிழ் வயிற்றுக்குக் காணும். நாலு பெரியவர்களுக்கு இரண்டு பெரிய தட்டு, ஒரு சூப்பு, ஒரு முன்னுணவு, கூடவே காலித் தட்டுகள் என்று கேட்டால் முகம் சுளிக்காமல் கொண்டுவந்து வைக்கிறார்கள். மூன்று முதல் ஒன்பது வயது வரை உள்ளவர்களுக்குத் தனிப் பட்டியல் உண்டு. குடிக்க ஐஸ் தண்ணீர் போதும். இனிப்பை மேசையில் சொல்லாமல், பிறகு வெளியே வண்டியில் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிப் பகிர்ந்துகொண்டால் கணிசமாக மிஞ்சும்.

கொடுக்கிற காசுக்கு வேறெங்கும் கிடைக்காத ஏதாவது இருக்க வேண்டும் என்பது என் அடுத்த விதி. பூங்கா உணவகம் என்பதே ஒரு காட்சிதான். 1967-ல் கலிபோர்னியா டிஸ்னிலாந்தில் கடற்கொள்ளையர் படகுச் சவாரி நடக்கும் கட்டடத்துக்குள்ளேயே ப்ளூ பேயூ என்ற உணவகத்தைத் திறந்தார்கள். வெளியே உச்சிவெயில் அடித்தாலும் உள்ளே எப்போதும் அந்திநேரம், பக்கத்தில் படகு போகும். அந்த வழி இன்றும் தொடர்கிறது. டிஸ்னி வேர்ல்டின் ஹாலிவுட் ஸ்டூடியோஸ் பூங்காவில் ஓர் உணவகம் 1950-களின் அமெரிக்க வீடு போல் இருக்கும். முழங்கையை மேசையில் ஊன்றினால் பரிமாறுகிறவர் அதட்டுவார், காய்கறியை மிச்சம் வைத்தால் விடமாட்டார். என் மாமியார் அவரைத் தன் கட்சியில் சேர்த்துக்கொண்டு என் பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்த சிரிப்புக்கு அந்தப் பில் தகும். சும்மா ஒரு பர்கரை நாற்காலியில் உட்காரவைத்து விற்கும் இடங்களுக்குத் தகாது.

என் முதல் சிபாரிசு பூங்கா வாசலுக்கு வெளியே இருக்கிறது. அனிமல் கிங்டம் பூங்காவை ஒட்டிய டிஸ்னி விடுதியில் சனா என்ற உணவகம். நுழைவுச்சீட்டே தேவையில்லை. ஆப்பிரிக்கச் சமையலும் நம் மசாலாவும் கலந்த இடம். அங்கே குல்ச்சா, நான் போன்ற ரொட்டிகளுடன் ஒன்பது வகைத் தொட்டுக்கைகள் வைத்துத் தருவார்கள். ரைத்தா, புளிச் சட்னி, கொத்தமல்லிச் சட்னி, பூண்டு ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். விலை இருபது டாலருக்கு மேல். ரொட்டிக்கு அது அதிகம்தான். ஆனால் அதை நடுவில் வைத்து மூன்று பேர் பசியாறலாம். சன்னலுக்கு வெளியே புல்வெளியில் ஒட்டகச்சிவிங்கியும் வரிக்குதிரையும் மேயும். இருட்டினால் அவை தெரியாது என்பதால் மதியமே போய்விட வேண்டும். மாமா பூண்டு ஊறுகாயை ருசி பார்த்து, "உப்பு பத்தல, ஆனா பூண்டு நல்ல பூண்டு" என்றார். திண்டுக்கல்காரரிடம் இதற்கு மேல் பாராட்டு எதிர்பார்க்கக்கூடாது.

பில் வந்ததும் நடத்துநர் விழித்துக்கொண்டார்.

"ஏம்மா, நூறுன்னுதானே கூட்டி வருது? இந்தப் பதினெட்டு எங்கேருந்து வந்துச்சு?"

"டிப்ஸ் மாமா. ஆறு பேர் ஆயிட்டா அவங்களே சேர்த்துருவாங்க."

"அப்ப இந்த ஆறரை?"

"வரி."

ஊரிலிருந்து வருகிறவர்கள் மனத்தில் எழுதிக்கொள்ள வேண்டிய கணக்கு இதுதான். பட்டியலில் உள்ள விலையில் வரியும் இல்லை, டிப்ஸும் இல்லை. அங்கே விற்பனை வரி ஆறரை சதவீதம். ஆறு பேரும் அதற்கு மேலும் இருந்தால் பதினெட்டு சதவீதம் தானாகவே ஏறும். நூறு டாலருக்குச் சாப்பிட்டால் கையை விட்டுப் போவது 124 டாலர் 50 சென்ட். நம் ஊர் உணவக பில்லில் ஐந்து சதவீத ஜிஎஸ்டியைப் பார்த்தே பெருமூச்சு விடுகிறவர்களுக்கு இது அடிதான். ஆகவே நூறு டாலர்தான் செலவழிக்க முடியும் என்றால் எண்பது டாலருக்குச் சொல்லுங்கள்.

நாலைந்து பேராகப் போய் டிப்ஸை நழுவவிடலாமே என்று யோசனை சொன்ன உறவினரும் உண்டு. அந்த வழிக்கு நான் வரமாட்டேன். டிப்ஸ் வாங்கும் பணியாளர்களுக்குப் பொதுவான குறைந்தபட்சக் கூலியைவிட மணிக்கு 3 டாலர் 2 சென்ட் வரை குறைத்துக் கொடுக்க ஃப்ளோரிடா சட்டம் இடம் தருகிறது. அந்தப் பள்ளத்தை நம் டிப்ஸ்தான் நிரப்புகிறது. முறை சரியில்லை என்றால் முதலாளியிடம் சண்டை போட வேண்டும். நம் தாத்தா பாட்டிக்குத் தண்ணீர் ஊற்றிய பெண்ணின் கூலியில் மிச்சம் பிடிக்கக்கூடாது. கொடுக்க முடியாது என்றால் ஒரு தட்டைக் குறைத்துக்கொள்ளலாம்.

இதையெல்லாம் தமிழ்ப் பத்திரிகையில் எழுதக் காரணம் இருக்கிறது. போன விடுமுறையில் ஊருக்கு வந்தபோது சென்னைக்குப் பக்கத்தில் ஒரு கேளிக்கைப் பூங்காவுக்குப் போனோம். வாசலிலேயே பையைத் திறந்து சப்பாத்தியை எடுத்து வெளியே வைக்கச் சொன்னார்கள். அத்தையின் சர்க்கரையைச் சொல்லியும் பயனில்லை. உள்ளே உட்கார்ந்து சாப்பிட ஓர் உணவகமும் இருந்தது. வெளியே கிடைக்கும் அதே ஃபிரைடு ரைஸ், விலை மட்டும் வேறு. வேறு வழியில்லாத கூட்டம் வரிசையில் நிற்கும்போது சமையலை மெருகேற்ற யாருக்கு என்ன அவசரம்?

சட்டம் அவர்கள் பக்கம் இருக்கலாம். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. இலவசக் குடிநீர் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவை அனுமதிக்க வேண்டும் என்பவையும் அந்த வழக்கில் பேசப்பட்டன. அது மூன்று மணி நேரப் படத்துக்கு. காலை பத்து மணிக்கு உள்ளே போனவர்கள் சாயங்காலம் வரை வெயிலில் திரியும் இடத்துக்கு அதே தடை நியாயமா? டிஸ்னி ஒன்றும் தர்மசாலை இல்லை. டோக்கியோ டிஸ்னிலாந்தில் கட்டுச்சோற்றை உள்ளே விடுவதில்லை, வாசலுக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட இடம் வைத்திருக்கிறார்கள். ஃப்ளோரிடாவிலோ சோற்றுப் பையோடு உள்ளே விடுகிறார்கள். அப்படியும் அறுபது நாள் முன்னால் பதிவு செய்யாவிட்டால் பல மேசைகள் கிடைப்பதில்லை. சோற்றை உள்ளே விட்டால் உணவகம் படுத்துவிடும் என்ற வாதம் இதற்கு முன்னால் நிற்கவில்லை.

நம் பூங்கா முதலாளிகள் எல்லாவற்றையும் ஒரே நாளில் திறந்துவிட வேண்டாம். அறுபது வயதைத் தாண்டியவர்கள், சர்க்கரை நோயாளிகள், சிறு குழந்தைகள் ஆகியோரின் சாப்பாட்டை முதலில் அனுமதிக்கட்டும். குடிநீரை இலவசமாக, கண்ணில் படும் இடத்தில் வைக்கட்டும். உணவக விலைப்பட்டியலை வரியோடு சேர்த்து இணையதளத்திலும் டிக்கெட் கவுன்டரிலும் போடட்டும். அப்புறம் பிரியாணிக்கு என்ன விலை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளட்டும். டப்பாவில் இட்லி இருக்கிற குடும்பம் அந்த விலையைப் பார்த்துக் கோபப்படாது. பிடித்திருந்தால் போய் உட்காரும், பிடிக்காவிட்டால் மரத்தடிக்குப் போகும். இரண்டில் எது நடந்தாலும் அது அவர்கள் எடுத்த முடிவாக இருக்கும்.