வாட்டர் கூலிங் போட்டாச்சு... கிராபிக்ஸ் கார்டு தண்ணி காட்டுவது எங்கே?

55 டிகிரி. வாட்டர் கூலிங் மாட்டிய கிராபிக்ஸ் கார்டில் கேம் ஓடும்போது ஸ்கிரீன் மூலையில் இந்த நம்பரைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கும். 'ஃபேன் மட்டும் இருந்தப்போ 75 வரைக்கும் போச்சு. இப்போ இவ்ளோ இடம் இருக்கே, கொஞ்சம் ஏத்தினா என்ன?' ஏத்தலாம், தப்பில்லை. ஆனால் அந்த 55, கார்டில் உள்ள ஒரே ஒரு சிப்பின் கதையை மட்டும்தான் சொல்கிறது.

2020 செப்டம்பரில் வந்த என்விடியா ஆர்டிஎக்ஸ் 3090-ஐ எடுத்துக்கொள்வோம். 24 ஜிபி மெமரி இருப்பதால், வீட்டிலேயே ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்க நினைப்பவர்கள் செகண்ட் ஹேண்டில் தேடும் கார்டு இது. இதன் மெமரி சிப்புகள் 24-ல் பாதி, போர்டின் பின்பக்கம் இருக்கின்றன. வாட்டர் பிளாக் உட்காருவதோ முன்பக்கம். முன்னால் ஜிபியூ ஜில்லென்று இருக்க, பின்னால் மெமரி 100 டிகிரியைத் தாண்டி வெந்துகொண்டிருக்கலாம். 110-ஐத் தொட்டால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதாவது, ஓவர்கிளாக் பண்ணியும் ஸ்லோ! எச்டபிள்யூஇன்ஃபோ என்ற ஆப்பில் 'மெமரி ஜங்ஷன்' வெப்பநிலை தனியாகவே தெரியும். ஸ்லைடரில் கை வைக்கும் முன் பார்க்க வேண்டியது அதைத்தான்.

தண்ணீரால் மாறாத கணக்கு

3090-க்கு நிர்ணயித்த மின்சாரம் 350 வாட். 8 பின் கனெக்டர் ஒன்றுக்கு 150 வாட், மதர்போர்டு ஸ்லாட்டுக்கு 75 வாட் என்பது வரையறை. இரண்டு கனெக்டர் உள்ள கார்டு என்றால் மொத்தம் 375. ஆக, மிச்சம் வெறும் 25 வாட்! இதைத் தாண்டுவதற்காக வேறொரு கார்டின் பயாஸை ஏற்றுகிறவர்களும் உண்டு. அந்த ஆசையே வேண்டாம். கேபிளும் கனெக்டரும் வாட்டர் பிளாக்குக்கு அடியில் இல்லை. 2022-ல் சில ஆர்டிஎக்ஸ் 4090 கார்டுகளின் 16 பின் கனெக்டர் உருகியதே, அதற்கு முழுசாக உள்ளே செருகாததும் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

எப்படி ஏற்றுவது?

எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னரில் வோல்டேஜைத் தொடாமல், கோர் கிளாக்கை 15 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏற்றலாம். டெஸ்ட் பண்ணுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். தண்ணீர் மெதுவாகத்தான் சூடாகும். ஐந்து நிமிட பெஞ்ச்மார்க்கில் 'பாஸ்' ஆனது, அரை மணி நேரத்தில் ஃபெயில் ஆகலாம். போதாக்குறைக்கு, தண்ணீர் அறையின் வெப்பத்துக்குக் கீழே போகவும் போகாது. ராத்திரி ஏசி ரூமில் ஒழுங்காக ஓடிய செட்டிங், மே மாத மதியத்தில் கிராஷ் ஆனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

கோர் எல்லை மீறினால் கேம் கிராஷ் ஆகும், உடனே தெரிந்துவிடும். மெமரி அப்படியில்லை, அது கமுக்கமான ஆள். ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி, டேட்டா அனுப்புவதில் பிழை வந்தால் கண்டுபிடித்துத் திரும்ப அனுப்பும். கிராஷ் இருக்காது, ஆனால் எஃப்பிஎஸ் குறையும். எனவே ஒவ்வொரு முறையும் ஸ்கோரைக் குறித்துவைத்து, அது இறங்கத் தொடங்கும் இடத்திலிருந்து இரண்டு படி பின்வாங்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு 60 எஃப்பிஎஸ் 63 ஆவதற்கு மெனக்கெட வேண்டுமா என்றால், பெரும்பாலானவர்களுக்குத் தேவையில்லை. வாட்டர் கூலிங்கின் பலனை அண்டர்வோல்ட்டில் செலவழிப்பதே புத்திசாலித்தனம். மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப மாறுவதால், வோல்டேஜைக் கொஞ்சம் குறைத்தாலே வாட் கணிசமாக இறங்கும். வேகம் அநேகமாக அப்படியே இருக்கும், ஃபேன் சத்தமும் அடங்கும்.

இல்லை, ஏத்தியே தீருவேன் என்பவர்கள், விண்டோஸ் ஸ்டார்ட் ஆகும்போதே செட்டிங்கை அப்ளை செய்யும் பட்டனை மட்டும் முதல் ஒரு வாரத்துக்கு அழுத்தாமல் இருக்கலாம். கிராஷ் ஆனாலும் ரீஸ்டார்ட் செய்தால் கார்டு பழைய நிலைக்கே திரும்பிவிடும்.