ஸ்பிரிங் மேல பழி போடாதீங்க பாஸ்!

மெரினாவுல பலூன் சுடுற துப்பாக்கி தெரியும்ல? குழலை மடக்கி, பெல்லட் சொருகி, நிமிர்த்திக் கொடுப்பாங்களே, அதேதான். சில வீட்டுப் பரண்ல தாத்தா காலத்துப் பீஸ் ஒண்ணு தூங்கிட்டிருக்கும். எங்க சீனியர் ஒருத்தர் வீட்டுலயும் இருக்கு. பத்து மீட்டர்ல பேப்பர் டார்கெட் வெச்சு சுட்டா, பெல்லட் திசைக்கொண்ணா ஓடுது. கடைக்காரர் சொன்ன வைத்தியம்: 'ஸ்பிரிங் போச்சு தம்பி, ஹெவியா ஒண்ணு போட்டுடலாம்.'

வேணாம் பாஸ். (குருவி, அணில் பக்கம் திருப்புற ஐடியா இருந்தா அடுத்த பக்கத்துக்குப் போயிடுங்க.)

ட்ரிக்கரை அழுத்தினதும் பெல்லட் கிளம்புறதில்லை. முதல்ல ஸ்பிரிங் பிஸ்டனை முன்னாடி தள்ளுது. துப்பாக்கி பின்னாடி உதைக்குது. காற்று நசுங்கிச் சூடாகி பிஸ்டனைத் தடுக்க, துப்பாக்கி இப்ப முன்னாடி துள்ளுது. இந்த ரெண்டு ஆட்டமும் நடக்கும்போது பெல்லட் இன்னும் குழலுக்குள்ளதான்! ஹெவி ஸ்பிரிங் போட்டா ஆட்டமும் ஹெவியாகும். ஜெர்மனியோட பழைய மேட்ச் ரைஃபிள் ஃபைன்வெர்க்பாவ் 300-ம் ஸ்பிரிங் ரகம்தான். உதையைச் சமாளிக்க உள்பாகத்தையே தண்டவாளம் மாதிரி நகரவிட்டாங்களே தவிர, ஸ்பிரிங்கைப் பெருசாக்கலை. அரை கிராம் பெல்லட் விநாடிக்கு 175 மீட்டர்ல போனா சுமார் 7.7 ஜூல். பேப்பர்ல ஓட்டை போட அது தாராளம். நம்ம ஊர்ல 2016 ஆயுத விதிகள்படி 20 ஜூலைத் தாண்டினா லைசென்ஸ் சமாச்சாரம் வேற.

அப்போ எதைப் பார்க்கணும்? கட்டையைப் பிடிச்சிருக்கிற ஸ்குரூக்களை. அந்த உதைக்கு அதுங்க தானா கழலும். மடக்குற இடத்துல குழல் பக்கவாட்டுல ஆடுதான்னு பாருங்க. அந்த மூட்டு மேல ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை வெச்சு, பெல்லட் போட்டு, பாதுகாப்பான பக்கமா சுடுங்க. பேப்பர் பறந்தா வாஷர் லீக். பெல்லட் இல்லாம மட்டும் சுடாதீங்க, பிஸ்டன் போய் நேரா முட்டிக்கும்.

பழசுல பிஸ்டன் வாஷர் பெரும்பாலும் தோல். காஞ்சு போனா காற்று நிக்காது. அதுக்குன்னே விக்கிற எண்ணெய் ரெண்டு மூணு சொட்டு போதும். மெஷின் ஆயிலை ஊத்தினீங்கன்னா டீசல் இன்ஜின் கதைதான்: அழுத்துற சூட்டுல பத்திக்கிட்டு புகையும் வெடிச்சத்தமுமா வரும், ஸ்பிரிங்கும் உடையலாம்.

பிடிக்கிறதுல இன்னொரு விஷயம். சினிமா ஹீரோ மாதிரி இறுக்கிக் கட்டிக்காதீங்க. இடது உள்ளங்கையில சும்மா படுக்க வைங்க. ஒவ்வொரு தடவையும் ஒரே மாதிரி துள்ளட்டும்.

இதெல்லாம் செஞ்சும் வேகம் வரலைன்னா, ஸ்பிரிங் சுருங்கியிருக்கலாம். அதே அளவுல மாத்துங்க. ஆனா ஸ்குரூ டிரைவரோட வீட்டுல உட்காராதீங்க. லோடு பண்ணாதப்பவே ஸ்பிரிங் உள்ள அமுங்கித்தான் இருக்கும். கிளாம்ப் இல்லாம கழட்டினா முகத்துக்கு நேரா பாயும்.