புரியாதுன்னு யார் முடிவு பண்ணது?

உலக சினிமா ஆர்வலர்கள் என்று ஒரு கூட்டம் உண்டு. புதுசாக ஒருத்தன் வந்து "நல்ல படம் ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டால் போதும், உடனே கையில் ஒரு பட்டியலைத் திணித்துவிடுவார்கள். முதலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அப்புறம் 'சில்ட்ரன் ஆஃப் ஹெவன்'. அப்புறம் குரோசவா. இப்படியே பத்து வருஷம் படியேறினால் கடைசிப் படியில் பரிசோதனை சினிமாவும் வீடியோ கலையும் இருக்குமாம். அதுவரை? "அதெல்லாம் உனக்குப் புரியாதுப்பா."

சுத்த உட்டாலக்கடி. அதுவும் திருவண்ணாமலை மாதிரி ஒரு ஊரில் நின்றுகொண்டு இதைச் சொல்வது காமெடியின் உச்சம்.

முதலில் இந்தப் பூச்சாண்டி என்னவென்று பார்த்துவிடலாம். பரிசோதனை சினிமா என்பது கதையை நம்பி நிற்காத படம். வெளிச்சம், அசைவு, சத்தம், நேரம் இவையே அங்கே ஹீரோ, ஹீரோயின், வில்லன். அமெரிக்காவின் ஸ்டான் பிராக்கேஜ் 1963-இல் கேமராவே இல்லாமல் ஒரு படம் செய்தார். செத்த விட்டில் பூச்சிகளின் இறக்கைகளையும் இலைத் துணுக்குகளையும் பிலிம் அளவு டேப்பில் ஒட்டி, அதைப் பிரிண்ட் போட்டு ஓட்டினார். 'மாத்லைட்' என்று பெயர். நாலு நிமிஷம்கூட இல்லை. இதில் 'புரிய' என்ன இருக்கிறது? விளக்கைச் சுற்றும் பூச்சியைப் பார்த்த எவனுக்கும் பார்க்கத் தெரியும்.

ஆண்டி வார்ஹால் 1964-இல் எடுத்த 'எம்பயர்' இன்னும் வம்பானது. நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தை ஒரே கோணத்தில் எட்டு மணி நேரம் காட்டுவார். பொழுது சாயும், கட்டடத்தில் விளக்கு எரியும். படத்தின் பெரிய சம்பவமே அதுதான். "இதை எவன்யா பார்ப்பான்?" என்று சிரிப்பவர்கள் கார்த்திகை தீபத்தன்று அண்ணாமலைக்கு வந்து பார்க்கட்டும். மொட்டை மாடிகளிலும் தெருக்களிலும் லட்சக்கணக்கான பேர் 2668 அடி உயர மலையின் உச்சியையே பார்த்துக்கொண்டு மணிக்கணக்கில் காத்திருப்பார்கள். கோயிலுக்குள் அர்த்தநாரீஸ்வரர் வெளியே வந்து போவது சில நிமிஷம். ஆறு மணிக்கு உச்சியில் ஒரு வெளிச்சப் புள்ளி. அவ்வளவுதான். அந்தப் புள்ளிக்காக அழுகிறவர்களும் உண்டு.

"அது பக்தி, இது கலை, ரெண்டையும் ஏன் முடிச்சுப் போடுற?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. காத்திருப்பதன் காரணம் வேறுதான். ஆனால் அசையாத ஒன்றை நெடுநேரம் பார்க்கும் பொறுமையும், சின்ன மாற்றத்தைப் பெரிய விஷயமாக உணரும் கண்ணும் அதேதான். அந்தக் கண் இந்த ஊர்க்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பக்தி வேண்டாம் என்றால் கூத்துக்கு வரலாம். இதே மாவட்டத்தில் செய்யாறு பக்கம் இருக்கும் புரிசைக் கிராமத்துக் கூத்துக்காரர்கள் மார்க்வெஸின் சிறுகதையையே கூத்தாக ஆடியவர்கள். கூத்தில் என்ன நடக்கிறது? வேஷக்காரர் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து தன்னைப் பற்றித் தானே படர்க்கையில் பாடிக்கொண்டு வருவார். நடுவில் கட்டியங்காரன் புகுந்து கதையை நிறுத்தி நேற்றைய அரசியலைக் கிண்டலடிப்பான். அர்ச்சுனன் தபசில் நடிகர் உயரமான தபசு மரத்தில் பாட்டுக்கு ஒரு படியாக, நிஜ நேரத்தில், மெதுவாக ஏறுவார். கீழே ஜனம் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்கும். இதையே வெள்ளைக்காரன் செய்தால் 'அவாந்த் கார்ட்' என்று பெயர் வைத்து ஜல்லியடிப்பார்கள். ராத்திரி பூரா இதைப் பார்க்கிற பாட்டிக்கு ஏழு நிமிஷப் படம் புரியாதாம்!

ஏழு நிமிஷம் என்பது சும்மா சொன்ன கணக்கில்லை. பிரமோத் பதி 1968-இல் எடுத்த 'எக்ஸ்ப்ளோரர்' அவ்வளவுதான். ஆடும் இளைஞர்கள், விஞ்ஞானக் கருவிகள், சாமி படங்கள் எல்லாம் வெட்டி வெட்டி முகத்தில் அறையும். வர்ணனை கிடையாது. இதை எடுக்கக் காசு கொடுத்தது யார்? இந்திய அரசாங்கம்! 1948-இல் தொடங்கிய ஃபிலிம்ஸ் டிவிஷன்தான். (2022-இல் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைத்துவிட்டார்கள்.) அதே நிறுவனத்துக்காக ஓவியர் எம்.எஃப். ஹுசேன் 1967-இல் எடுத்த 'த்ரூ தி ஐஸ் ஆஃப் எ பெயின்டர்' படத்திலும் கதை கிடையாது. குடை, லாந்தர், செருப்பு, ராஜஸ்தான் தெருக்கள். பெர்லினில் குறும்படத்துக்கான தங்கக் கரடி வாங்கியது. ஆக இது எங்கிருந்தோ இறக்குமதியான மேட்டுக்குடிச் சரக்கு என்பதும் பொய்.

வீடியோ கலைக்கும் இதே கதைதான். கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் 1974-இல் ஒரு புத்தர் சிலையை டிவி முன் உட்கார வைத்தார். கேமரா புத்தரைப் படம் பிடிக்கும், டிவியில் புத்தரே தெரிவார். தன்னையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் புத்தர். 'டிவி புத்தா' என்ற இந்தப் படைப்பை விளக்கத் தடித்தடிப் புத்தகம் வேண்டாம். 1896-இல் இங்கே வந்து 1950-இல் மறையும்வரை ஊரைவிட்டு நகராத ரமணர் 'நான் யார்?' என்ற ஒரே கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஊர் இது. செல்ஃபி எடுக்கும் ஒவ்வொருவர் கையிலும் இன்று ஒரு டிவி புத்தா இருக்கிறது :-)

அப்படியானால் தப்பு எங்கே? அறிமுகம் செய்கிறவர்களிடம். ஒரு கூட்டம் "புரியாது" என்று கதவைச் சாத்துகிறது. இன்னொரு கூட்டம் கதவைத் திறந்துவிட்டு வாசலில் நின்று அரைமணி நேரம் அமைப்பியல், பின்நவீனத்துவம் என்று லெக்சர் அடிக்கிறது. படம் ஓடுவதற்குள் பாதிப் பேர் டீக்கடைக்குப் போயாச்சு.

ஜான் ஆபிரகாமை நினைத்துப் பார்க்கவேண்டும். தமிழில் 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) எடுத்த அதே ஜான். கேரளத்தில் ஒடேசா என்ற அமைப்பின் வழியாக மக்களிடமே காசு திரட்டி 'அம்ம அறியான்' (1986) எடுத்தார்கள். அதை ஊர் ஊராக எடுத்துப்போய் அந்த மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். நேர்கோட்டில் போகாத படம். தகுதித் தேர்வு வைத்தா உள்ளே விட்டார்கள்?

இதனால் யாருக்கு நஷ்டம் என்று கேட்டால், கிரிவலப் பாதையில் செல்போனோடு நடக்கும் கல்லூரிப் பையனுக்கும் பெண்ணுக்கும்தான். அவர்கள் ஊரை வெளியூர்க்காரர்கள் ட்ரோனில் எடுத்து, புல்லாங்குழல் போட்டு, ஸ்லோமோஷன் சாமியார்களாக விற்கிறார்கள். அந்த ஊரிலேயே பிறந்த பையனோ, கையில் கேமரா இருந்தும், ஹீரோ என்ட்ரியும் காதல் தோல்வியும் வைத்து யாரோ எடுத்ததையே திருப்பி எடுக்கிறான். பதினாலு கிலோமீட்டர் பாதையில் அவன் கண்ணுக்கு மட்டும் தெரிகிற விஷயங்களும் படமாகலாம் என்று அவனிடம் யாருமே சொல்லவில்லை.

வழி சுலபம். 'எக்ஸ்ப்ளோரர்', ஹுசேன் படம், மாயா டெரன் 1943-இல் தன் வீட்டிலேயே எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்'. மூன்றும் சேர்ந்து முக்கால் மணி நேரம்கூட ஆகாது. முன்னுரை வேண்டாம். ஒவ்வொன்றையும் இரண்டு முறை போடவேண்டும். "என்ன அர்த்தம்?" என்று கேட்காமல் "எதைப் பார்த்தீங்க, எதைக் கேட்டீங்க?" என்று கேட்கவேண்டும். மறுநாள் எல்லோரும் போனை அசைக்காமல் வைத்து ஒரே நிமிஷம் எதையாவது எடுத்துவரட்டும். லூமியேர் சகோதரர்கள் 1895-இல் ஆரம்பித்ததும் ஒரு நிமிஷத்துக்கும் குறைவான படங்களோடுதான்.

பரிசோதனை என்ற பெயரில் வரும் மொக்கைகளும் ஏராளம், மறுப்பதற்கில்லை. புதுசாகப் பார்க்கிறவன் பாதியில் எழுந்து போகலாம், "செம மொக்கை" என்று திட்டலாம். அது அவன் உரிமை. ஆனால் பார்த்துவிட்டுத் திட்டட்டும். பார்ப்பதற்கு முன்னாலேயே "உனக்குப் புரியாது" என்று அவன் சார்பில் முடிவெடுக்கும் அதிகாரத்தை யாரும் யாருக்கும் கொடுக்கவில்லை.