நாள் முழுக்க நின்னே வேலையா? காலில் புடைக்கும் நரம்புக்கு என்ன சிகிச்சை?

கோவை ஒப்பணக்கார வீதி, கிராஸ்கட் ரோடு ஜவுளிக்கடைகளில் பலருக்கு நின்னுக்கிட்டேதான் வேலை. சாயங்காலமானால் கால் கனக்கும், குடையும். 'நரம்பு சுருட்டிக்கிச்சு' என்போம். உண்மையில் அது நரம்பு அல்ல. ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பி அனுப்பும் சிரை. அதன் வால்வு பழுதானால் ரத்தம் கீழே தேங்கிப் புடைக்கும். இதுதான் வெரிகோஸ் வெயின்.

என்ன சிகிச்சை?

முதலில் டாப்ளர் ஸ்கேன். ஸ்டாக்கிங்ஸ் வலி, வீக்கத்தைக் குறைக்கும், வால்வைச் சரிசெய்யாது. லேசர் அல்லது ரேடியோ அலை வெப்பத்தால் சிரையை மூடுவதே இன்று முதல் தேர்வு. பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். பொருந்தாவிட்டால் நுரை ஊசி, அதற்கடுத்து அறுவை சிகிச்சை.

சிரையை மூடினால் ரத்தம் எப்படிப் போகும்?

பயம் வேண்டாம். ஆழத்தில் உள்ள நல்ல சிரைகள் வழியே போகும்.

எப்போது அவசரம்?

கணுக்கால் அருகே தோல் கறுத்தாலோ, புண் ஆறாவிட்டாலோ தள்ளிப்போடாதீங்க. ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் உடனே மருத்துவமனை போங்க. ரத்தக்கட்டாக இருக்கலாம்.

சட்டம் என்ன சொல்லுது?

சிகிச்சைக்குப் பிறகும் இது திரும்ப வரலாம். மணிக்கணக்கில் நிற்பதைக் குறைக்கணும். கேரளாவைத் தொடர்ந்து 2021-ல் தமிழ்நாடும் சட்டத்தைத் திருத்தி, கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதியைக் கட்டாயமாக்கியது. நாற்காலி கேட்பது சலுகை இல்லை, உரிமை.