நெற்றியில் விழும் அலை

அலைமுடியில் முன்நெற்றி முடி வெட்டும்போது கத்திரிக்கோலுக்கு முன் கவனிக்க வேண்டியது ஈரம். கூந்தலின் கெரட்டின் புரதத்தில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் நனைந்தால் அவிழ்கின்றன, காய்ந்தால் மறுபடி பிணைகின்றன. ஈரத்தில் புருவத்தைத் தொட்ட முடி காய்ந்ததும் நடுநெற்றிக்கு ஏறிக்கொள்வது இதனால்தான். ஆகவே வெட்டுவது உலர்ந்த முடியில், அதன் இயல்பான நெளிவு தெரியும்போது. உச்சிக்குச் சற்று முன்னிருந்து இரு புருவ முனைகள் வரை முக்கோணமாகப் பிரித்து, மற்றதைக் கிளிப்பில் ஒதுக்கிவிட்டு, மூக்கு நுனி மட்டத்தில் தொடங்குவது பாதுகாப்பு. கத்திரியைக் கிடையாகப் பிடிக்காமல் நுனியைச் செங்குத்தாக விட்டுச் சிறிது சிறிதாகக் கொத்த வேண்டும். முடியை இழுத்துப் பிடித்தால், விட்டதும் சுருள் மேலேறும். ‘லவ் இன் சிம்லா’ (1960) இந்திப் படத்துக்காக, நடிகை சாதனாவின் அகன்ற நெற்றியை மறைக்க ஹாலிவுட் நடிகை ஆட்ரி ஹெப்பர்ன் பாணியில் வெட்டப்பட்டு ‘சாதனா கட்’ என்று பெயர்பெற்ற படிந்த நெற்றி முடி, அலைமுடியில் அப்படியே படியாது. படிய வைக்க முயல்வதும் வீண் வேலை. நெற்றியோரத்தில் சுழி இருந்தால், குளித்தவுடன் இடமும் வலமுமாக மாற்றி மாற்றிச் சீவி உலர்த்தினால் ஓரளவு அடங்கும். எண்ணெய் நெற்றிக்கு வேண்டாம். ஒரு சொட்டு ஜெல் போதும். மழைக்காலக் காற்றில் நெளிவு கூடும், நீளம் குறைந்து தெரியும். கைதவறி அதிகம் வெட்டிவிட்டால் மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். அதுவரை பக்க வகிடும் இரண்டு ஹேர்பின்னும் துணை.