இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்!

போன வாரம் ஒரு கல்யாண வீட்டில் தெரிஞ்சவர் ஒருத்தர் சொன்னார்: "அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்து பேச்சு போயிடுச்சுங்க. எதுவும் புரியறதில்ல, குழந்தை மாதிரி ஆயிட்டார்." அந்த அப்பா பக்கத்து நாற்காலியிலேயேதான் உட்கார்ந்திருந்தார். அதைக் கேட்டதும் அவர் முகம் போன போக்கு இன்னும் கண்ணிலேயே நிக்குது. அந்த எரிச்சலில் எழுதுகிற பதிவு இது. கொஞ்சம் காரமா இருந்தா பொறுத்துக்கங்க.

நான் ஒண்ணும் யோக்கியன் இல்லை. என் பெரியப்பாவுக்கு 2014-ல் இதேதான் ஆச்சு. முப்பது வருஷம் கண்டக்டரா இருந்தவர். ஏறினவன் வாயைத் திறக்கறதுக்குள்ள எந்த ஸ்டாப்புன்னு சொல்ற மனுஷன். ஸ்ட்ரோக்குக்கு அப்புறம் மிஞ்சினது ஒரே வார்த்தை: "அதான்". ஆஸ்பத்திரியில் படம் படமா காட்டிக் கேட்டாங்க. எல்லாத்துக்கும் "அதான்". 'அர்த்தமுள்ள பேச்சு இல்லை'ன்னு சீட்டில் எழுதிக் கொடுத்துட்டாங்க.

வீட்டுக்கு வந்ததும் நாங்க எல்லாரும் வாத்தியார் ஆயிட்டோம். டம்ளரைத் தூக்கிக் காட்டி, "இது என்ன, சொல்லுங்க பார்ப்போம்!" அது டம்ளர்னு எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "ட... டம்..."னு எடுத்துக் கொடுப்போம். வரலைன்னா முதுகில் தட்டிக் கொடுப்போம். அறுபத்தெட்டு வயசு மனுஷனை!

ஒரு நாள் காலையில் ஃபேனைக் கையால் காட்டி "அதான், அதான்"னு ஆரம்பிச்சார். கூட்டி வச்சோம். குறைச்சோம். நிறுத்தினோம். அவருக்குக் கோபம் தலைக்கேறிடுச்சு. நாங்க "ஃபேன்! ஃபேன்னு சொல்லுங்க!"ன்னு பாடம் நடத்திக்கிட்டு இருக்கோம். ஆறு வயசுப் பேத்திதான் பொறுமையா, "தாத்தா, ஃபேன் இல்லையா? வேறயா?"ன்னு கேட்டா. உடனே கை சுவத்துக் காலண்டர் பக்கம் திரும்பியது. ஃபேன், காலண்டர்... பெரியம்மாவுக்குத்தான் பொறி தட்டியது. "கரண்ட் பில்லா? இன்னைக்குத்தான் கடைசித் தேதியா?" "அதான்ன்ன்!"

வீட்டில் இருந்த எங்க ஒருத்தருக்கும் அது ஞாபகமில்லை. 'அர்த்தமுள்ள பேச்சு இல்லை'யாம்!

மூளையில் அடிபட்டு மொழி பாதிக்கப்படுவதற்கு அஃபேசியா என்று பெயர். இதைச் சோதிக்க 1972-ல் அமெரிக்காவில் வந்த பாஸ்டன் பரிசோதனையில் ஒரு படம் ரொம்பப் பிரசித்தம். அம்மா பாத்திரம் துடைக்கிறாள், தொட்டியில் தண்ணீர் வழிகிறது, பின்னால் பையன் ஸ்டூலில் ஏறி பிஸ்கட் திருடுகிறான். இதை விவரிக்கணும். சரி, பாதிப்பு எவ்வளவுன்னு கணக்கெடுக்க இது வேணும், ஒத்துக்கறேன். ஆனா எதிரில் உட்கார்ந்து அதே படத்தைப் பார்த்துக்கிட்டிருக்கிற ஆளுக்கு அதை விவரிச்சுச் சொல்ற வேலை வாழ்க்கையில் யாருக்குங்க வருது? அந்த மார்க்கை வச்சு ஆள் பேசுவாரா மாட்டாரான்னு முடிவு கட்டறதுதான் எனக்கு ஆகலை.

சார்லஸ் குட்வின் என்று ஓர் ஆராய்ச்சியாளர், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் இருந்தவர், 2018-ல் காலமானார். அவருடைய அப்பா சில், நியூயார்க் வக்கீல். 1979-ல் மூளையின் இடது பக்கம் ஸ்ட்ரோக். மிஞ்சியது மூன்றே சொல்: யெஸ், நோ, அண்ட். மகன் பிஸ்கட் படத்தைத் தூக்கவில்லை. வீட்டில் எல்லாரும் சேர்ந்து பேசுவதை வீடியோவில் பதிந்து, யார் எங்கே நிறுத்தினார், எந்த ராகத்தில் "நோ" வந்தது, கண் எங்கே போனது என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தார். 1995-ல் கட்டுரையாக வந்தது. மற்றவர்கள் சொல்லும் ஊகத்தை யெஸ், நோ என்று ஏற்றும் தள்ளியும், கையசைவாலும் குரலாலும், தான் நினைத்ததை அடுத்தவர் வாயால் சொல்ல வைக்கிறார் சில். தனியாகக் காபிக் கடைக்குப் போய் வந்தவர், வீட்டுக்குச் சாமான் வாங்கியவர். மூன்றே சொல்லில்!

"இதெல்லாம் வீட்டுக் கதை, விஞ்ஞானமா?" என்பவர்களுக்கு: சாக்ஸ், ஷெக்லாஃப், ஜெஃபர்சன் என்ற மூவர் சாதாரணப் பேச்சில் முறை மாறுவதற்கும் ஓர் ஒழுங்கு உண்டென்று 1974-லேயே காட்டிவிட்டார்கள். 2009-ல் பத்து மொழிகளை அளந்து பார்த்தபோது, ஒருவர் முடித்து அடுத்தவர் தொடங்க ஆகும் இடைவெளி சராசரியாக நொடியில் ஐந்தில் ஒரு பங்குதான். சொல்லைத் தேடுகிறவருக்கு அது போதுமா? நாம பழக்க தோஷத்தில் நடுவில் விழுந்துடறோம். அப்புறம் "அவரால பேச முடியல"ங்கறோம்.

லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் நோயாளியையும் வீட்டாரையும் சேர்த்தே உட்கார வைத்து, அவர்கள் பேசிய வீடியோவை அவர்களுக்கே காட்டிப் பயிற்சி தரும் திட்டத்தை உருவாக்கினார்கள். நம்ம ஆஸ்பத்திரிகளிலும் இதைக் கேளுங்க. "பேச்சுப் பயிற்சி அப்பாவுக்கு மட்டும் போதுமா, எங்களுக்கு யார் கொடுப்பாங்க?"ன்னு டாக்டர்கிட்ட வாய் விட்டுக் கேளுங்க. நாங்க கேட்கல. பெரியப்பா 2019-ல் போய்ச் சேர்ந்துட்டார். டம்ளர் பாடத்தில் வீணாப் போன மாசங்கள் அவரோடது. அதை யார் திருப்பித் தருவா?

பி.கு: அந்தக் கல்யாண வீட்டுப் பெரியவர்கிட்ட கிளம்பும்போது "சாப்பாடு எப்படிங்க ஐயா இருந்துச்சு?"ன்னு கேட்டுட்டுச் சும்மா நின்னேன். ரொம்ப நேரம் ஆச்சு. கடைசியில் பாயச டம்ளரைக் காட்டி உதட்டைப் பிதுக்கினார். எனக்கும் அதே அபிப்ராயம்தான் :-)