கையெழுத்துக்கு மட்டும் ஓர் ஆலோசகரா?

1969இல் கெலுகோரில் 57 மாணவர்களோடு பினாங்குப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது, ‘ஃபேகல்டி’ என்ற ஏற்பாட்டையே அதை நிறுவியவர்கள் ஒதுக்கிவிட்டார்கள். துறைகள் தனித்தனிக் கோட்டைகளாகிவிடக் கூடாது என்று ‘ஸ்கூல்’ முறையைக் கொண்டுவந்தார்கள். ஒரு பிரிவில் சேர்ந்தவர் இன்னொரு பிரிவின் பாடத்தையும் படிக்கலாம். அந்தப் பல்கலைக்கழகமே இன்றைய யுஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்). 2001இல் அதன் பொறியியல் வளாகம் நம் வட்டாரத்து நிபோங் திபாலுக்கே வந்தது. சுங்கை பாக்காப் பிள்ளைகள் மோட்டார் சைக்கிளில் போய் வரும் தூரம்தான்.

துறைகள் கலந்த படிப்பை நாம் ஆதரிக்கிறோம். ஆனால் 57 பேர் இருந்தபோது ஆசிரியருக்கு ஒவ்வொரு முகமும் தெரிந்திருக்கும். இன்று 20,000க்கு மேல். ஒரே துறையில் படிப்பவருக்குப் பாதை போட்டுவைத்திருக்கிறது. இரண்டு துறையில் கால் வைப்பவர் தன் பாதையைத் தானே போட வேண்டும். இரண்டு கால அட்டவணைகள் மோதும். முன்பாடம் முடிக்காமல் அடுத்த பாடம் கிடைக்காது. ஆண்டுக்கு ஒரே செமஸ்டரில் நடக்கும் பாடத்தைத் தவறவிட்டால், பட்டம் தள்ளிப்போகும். பிடிபிடிஎன் என்ற அரசுக் கல்விக் கடனோ படிப்புக் காலக் கணக்கில்தான் வரும். கூடுதல் செமஸ்டரின் சோற்றுக்கும் வாடகைக்கும் அப்பாவின் சம்பளம்தான் கதி.

அண்ணனோ அக்காளோ பட்டதாரியாக உள்ள வீட்டில் இதைச் சாப்பாட்டு மேசையிலேயே பேசிவிடுவார்கள். கரும்பு, ரப்பர், செம்பனை என்று மூன்று பயிர்களையும் பார்த்த செபராங் பிறை தெற்கின் தோட்டக் குடும்பத்தில், முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போகிற பெண் யாரைக் கேட்பாள்? சீனியர்களின் வாட்ஸ்அப் குழுவைத்தான். அங்கே கிடைப்பது ‘ஈசி சப்ஜெக்ட்’ பட்டியல்!

ஒவ்வொருவருக்கும் கல்வி ஆலோசகர் உண்டே என்பார்கள். உண்டு, பெயரளவில். பாடப்பதிவுக்கு ஒப்புதல் தருவதோடு பலருக்கு அந்த உறவு முடிந்துவிடுகிறது. “பிள்ளைகள் வருவதே இல்லை” என்று விரிவுரையாளர்கள் குறைப்படுவதிலும் உண்மை இருக்கிறது. தெரியாது என்று சொல்லக் கூச்சப்படும் பிள்ளை எப்படி வரும்? பதவி உயர்வுக்கு ஆய்வுக் கட்டுரைகள் எண்ணப்படும் இடத்தில், மாணவரோடு உட்கார்ந்த ஒரு மணி நேரத்தை யார் எண்ணுகிறார்கள்?

அதை எண்ண வேண்டும் என்பதே நம் கோரிக்கை. ஆலோசனை நேரம் பணிச்சுமையிலும் பதவி உயர்விலும் சேர வேண்டும். ஓர் ஆலோசகருக்கு இத்தனை மாணவர்தான் என்ற வரம்பு வேண்டும். இரு துறை மாணவருக்கு முதலாண்டு முதல் பட்டம் வரை ஒரே ஆலோசகர் இருக்க வேண்டும். அடுத்த துறைக்குத் தொலைபேசி எடுத்து அட்டவணைச் சிக்கலைத் தீர்க்கும் அதிகாரமும் அவருக்கு வேண்டும். முதல் சந்திப்புக்கு அழைக்கும் பொறுப்பு மாணவருடையதல்ல, ஆலோசகருடையது. முன்பாடம் முடிந்ததா என்று கணினி பார்த்துச் சொல்லும்; இந்தப் பாடம் எதற்கு என்று அது கேட்காது.

நம் சங்கங்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. எஸ்பிஎம் தேர்வில் ‘ஏ’ குவித்தவர்களுக்குப் பொன்னாடையும் கோப்பையும் கொடுத்துப் படம் எடுப்பதோடு நின்றுவிடுகிறோம். யுபியு பல்கலைக்கழகச் சேர்க்கை முடிவு வந்த வாரத்தில் சுங்கை பாக்காப்பில் ஒரு மண்டபத்தைத் திறந்து, இந்த வட்டாரத்துப் பட்டதாரிகள் பத்துப் பேரை உட்காரவைத்தால் போதும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் பாடத்திட்ட நூலோடு வரட்டும்; பெற்றோரும் கூட வரட்டும்.